டிஸ்கஸ் குஞ்சு எந்த நாளில் செத்தது? அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழி

தட்டு வடிவ அலங்கார மீனான டிஸ்கஸை வளர்த்து, ஜோடி முட்டையிட்டது, குஞ்சு மட்டும் தேறவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த நாளில் கெட்டது என்பதைத்தான். பெரும்பாலானோர் அதற்குப் பதில் சொல்லாமல், தொட்டியில் ஊற்றிய மருந்துகளை வரிசையாக ஒப்பிக்கத் தொடங்குவார்கள். முதல் நாளில் முட்டை வெளுப்பதற்கும் பதினைந்தாம் நாளில் குஞ்சு சாவதற்கும் ஒரே மருந்து இருக்க முடியாது. நாளைச் சொல்லிவிட்டால் பாதிக் காரணங்கள் தானாகக் கழிந்துவிடும்.

ஆகவே முதலில் கால அட்டவணை. 29 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நல்ல ஜோடி பெரும்பாலும் பிற்பகலிலோ மாலையிலோ முட்டையிடும். நூறு முதல் முந்நூறு வரை இருக்கும். மறுநாள் மாலைக்குள் கருவுறாத முட்டைகள் பால் வெள்ளையாகிவிடும், கருவுற்றவை தேன் நிறத்தில் தெளிவாக நிற்கும். அடுத்து அவற்றினுள் கரும்புள்ளி தெரியும். இரண்டரை நாளில் வால்கள் வெளியே வந்து துடிக்கும். இன்னும் இரண்டு மூன்று நாள் அதே இடத்தில் கொத்தாகத் தொங்கி நெளிந்துவிட்டுக் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். நீந்தியதும் பெற்றோரின் உடம்புக்குப் போய்த் தோலில் சுரக்கும் சளியைத் தின்ன வேண்டும். நான்கைந்து நாள் அதுதான் முழு உணவு. பிறகு ஆர்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சு. இரண்டு வாரத்துக்கு மேல், மூன்று வாரத்துக்குள் தனித் தொட்டி.

தேவையான கருவிகள் ஐந்து: நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். சோதனைத் திரவம், ஜி.எச். எனப்படும் பொதுக் கடினத்தன்மைச் சோதனை, அம்மோனியா சோதனை, வெப்பமானி. இவற்றின் மொத்த விலை ஒரு நல்ல டிஸ்கஸ் மீனின் விலையை விடக் குறைவு. இவை இல்லாமல் கீழே உள்ளதைப் படித்துப் பயனில்லை.

மாதக் கணக்கில் ஆகியும் முட்டையே இல்லை

இது ஜோடியா என்ற சந்தேகத்திலிருந்து தொடங்குங்கள். டிஸ்கஸில் ஆண் பெண் வேறுபாடு வெளித்தோற்றத்தில் நம்பகமாகத் தெரியாது. நெற்றி தடித்திருந்தால் ஆண், துடுப்பு நீண்டிருந்தால் ஆண் என்று கடைக்காரர் சொல்வது பாதி நேரம் சரியாக இருக்கலாம், பூவா தலையா போட்டாலும் அதே கணக்குதான். முட்டையிடும் நாட்களில் வயிற்றடியில் நீளும் சிறு குழாய்தான் ஆதாரம்: பெண்ணுக்குத் தடித்து மழுங்கி இருக்கும், ஆணுக்கு மெலிந்து கூராக இருக்கும். ஆறு முதல் எட்டு இளம் மீன்களைச் சேர்த்து வளர்த்து, அவை தாமாகவே இணை சேர விடுவதுதான் உறுதியான வழி. இரண்டு மீன்கள் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டினால், ஒன்றுக்கொன்று தலை தாழ்த்தினால், உடம்பு நடுங்கினால், கண்ணாடியையோ குழாயையோ வாயால் துடைத்தால் அவற்றைப் பிரித்து எடுங்கள்.

வயதையும் பாருங்கள். பெண் ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் தயாராகும். ஆணுக்கு அதைவிடச் சில மாதங்கள் கூடுதலாக வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் குஞ்சே முழு நிறத்தில் மின்னினால் வாங்காதீர்கள். அந்த வயதில் அந்த நிறம் இயல்பாக வராது. ஹார்மோன் கொடுத்து ஏற்றியிருப்பார்கள், அத்தகைய மீன்கள் வளர்ந்த பின் மலடாகவும் வாய்ப்புண்டு.

உறுதியான ஜோடி, வயதும் சரி, ஆனாலும் இடவில்லை என்றால் மழைக்காலத்தை உண்டாக்குங்கள். அமேசான் ஆற்றுப் படுகையில் வெள்ளம் ஏறும் பருவத்தில் இனப்பெருக்கம் செய்யும் மீன் இது. மூன்று நான்கு நாள் தொடர்ந்து, தொட்டியை விட ஓரிரு டிகிரி குளிர்ந்த மென்னீரால் (கடினத்தன்மை குறைந்த நீரால்) மூன்றிலொரு பங்கு மாற்றுங்கள், பின் வெப்பத்தை 29–30 டிகிரிக்கு மெல்ல ஏற்றுங்கள். உணவில் புரதம் கூடட்டும்: கொழுப்பு நீக்கிய மாட்டு இதயமும் இறாலும் அரைத்த கலவை, உறைந்த இரத்தப்புழு. சாக்கடையில் அள்ளிவரும் உயிர்ப்புழுவை இனப்பெருக்கத் தொட்டிக்குள் விடாதீர்கள். அதோடு வரும் நோய்களுக்கு நீங்கள் தனியாகச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

தொட்டி 45 சென்டிமீட்டர் கன சதுரம் போதும், அடியில் மணல் வேண்டாம், முட்டையிட ஒரு மண் கூம்பு, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். மூன்று பக்கமும் வெளிர்நிறச் சார்ட் காகிதம் ஒட்டுங்கள். ஆள் நடமாட்டம் உள்ள இடைவழியில் வைத்துவிட்டு முட்டைக்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

மறுநாளே எல்லா முட்டையும் வெளுத்துவிட்டது

அதிகம் வரும் புகார் இதுதான். அதிகமாகத் தவறாகச் சிகிச்சை செய்யப்படுவதும் இதுதான். முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில் மொத்தமாக வெளுத்தால் அது பூஞ்சை அல்ல. பூஞ்சை செத்த முட்டையின் மேல் பிறகு வந்து குடியேறுவது. முட்டை கருவுறவே இல்லை என்பதே செய்தி. பூஞ்சைக்குப் போடும் நீலச் சாய மருந்தான மெத்திலீன் ப்ளூவை ஊற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

கருவுறாததற்கு முதல் காரணம், இரண்டும் பெண். இரண்டு பெண்கள் ஜோடி போலவே பழகும், கூம்பைத் துடைக்கும், ஒன்றாக முட்டையிடும், காவலும் காக்கும். அடுத்த முறை இடும்போது உட்கார்ந்து பாருங்கள். பெண் கீழிருந்து மேலாக ஒரு வரிசை இட்டுவிட்டு விலகும். ஆண் அதே வரிசையின் மேல் வயிற்றை உரசியபடி செல்லும். இரண்டும் போகும்போது புதிய முட்டை ஒட்டுகிறது என்றால் இரண்டும் பெண்தான். எண்ணிக்கை வழக்கத்தை விட மிகக் கூடுதலாக இருப்பதும் ஒரு துப்பு.

இரண்டாவது காரணம், ஆண் இளமை அல்லது சோம்பல். முதல் சில ஈட்டில் (ஒருமுறை இடும் முட்டைத் தொகுதியே ஈடு) ஆண் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது சகஜம். மூன்று நான்கு முறைக்குப் பிறகும் அப்படியே இருந்தால் வேறு ஆணை முயலுங்கள். ஏர் பம்பின் குமிழி கூம்பை ஒட்டி எழுந்தால் விந்து முட்டையை அடையும் முன் கலைந்துவிடும்; முட்டையிடும் அந்த ஒன்றிரண்டு மணி நேரம் காற்றைக் குறைத்து வையுங்கள்.

மூன்றாவது காரணம் நீர். சென்னை போன்ற ஊரில் இதையே முதலில் வைத்திருக்க வேண்டும். போர்த் தண்ணீரின் டி.டி.எஸ். தெருவுக்குத் தெரு மாறும். சில நூறில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டியும் போகும். பண்ணையில் பிறந்த டிஸ்கஸ் அந்த நீரில் கொழுத்து வளரும், முட்டையும் இடும். ஆனால் கால்சியம் மிகுந்த நீரில் கருவுறும் விகிதம் விழுந்துவிடுகிறது. டி.டி.எஸ். நூறு நூற்றைம்பதுக்குள், ஜி.எச். மூன்று டிகிரிக்குக் கீழ், பி.எச். 6 முதல் 6.5 வரை என்பது நம்பிக்கையோடு முட்டை பொரிக்கும் எல்லை.

இங்கே மூன்று பொய்த் தீர்வுகள் உலவுகின்றன. முதலாவது, பி.எச். குறைக்கும் அமிலத் துளிகள். அமிலம் கால்சியத்தை எங்கேயும் கொண்டுபோவதில்லை. இன்று இறங்கிய பி.எச். இரண்டு நாளில் மீண்டும் ஏறும், நடுவில் மீன்தான் அலைக்கழியும். இரண்டாவது, வாதுமை இலை. தெருவோர நாட்டு வாதுமை மரத்தடியில் பொறுக்கிய காய்ந்த இலை நல்லதுதான், நீருக்குத் தேநீர் நிறம் தரும், பூஞ்சையையும் சற்றே அடக்கும். கடினத்தன்மையை அது குறைக்காது. மூன்றாவதுதான் பலரையும் ஏமாற்றுவது: அடுக்ககத்தில் பொருத்தியிருக்கும் உப்பு போடும் சாஃப்ட்னர். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. ஜி.எச். சோதனையில் நீர் மென்மையாகக் காட்டும், டி.டி.எஸ். மீட்டரில் எண் அப்படியே நிற்கும். இரண்டு கருவியும் வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

மெய்யான வழி ஆர்.ஓ. நீர். சமையலறை இயந்திரமே போதும், ஆனால் அதன் குழாயில் வரும் நீரை அளந்து பாருங்கள். சுவைக்காகச் சிறிது மூலநீரைக் கலந்துவிடும் திருகு பல இயந்திரங்களில் உண்டு, ஆர்.ஓ. என்று நம்பி நூற்றெண்பது டி.டி.எஸ். நீரை ஊற்றிக்கொண்டிருப்பீர்கள். கலக்கும் கணக்கு எளிது. உங்கள் குழாய்நீர் 600, ஆர்.ஓ. நீர் 30, வேண்டியது 100 என்றால், நூறு லிட்டருக்குக் குழாய்நீர் 12 லிட்டர், மீதி ஆர்.ஓ. நீர். வெறும் ஆர்.ஓ. நீரில் மட்டும் வைக்க வேண்டாம். காரணம் பின்னால் வரும். மெட்ரோ நீரைக் கலப்பதானால் முந்தைய நாளே பிடித்து ஏர் பம்ப் ஓடவிட்டுக் குளோரினைப் போக்குங்கள், அல்லது ஹைப்போ (குளோரினை நீக்கும் சோடியம் தயோசல்பேட்) போடுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீர் வீடு துடைக்க ஆகும்.

கரும்புள்ளி தெரிந்தது, பிறகு கெட்டது

கரு உண்டாகிவிட்டது, எனவே ஆண் குற்றவாளியல்ல. இரண்டாம் நாளில் முட்டைகள் ஆங்காங்கே வெளுத்து, பக்கத்து முட்டைக்கும் பஞ்சு பரவினால் அதுதான் பூஞ்சை. வெளுத்தவற்றை நீங்கள் ஊசியால் குத்தி எடுக்க முயலாதீர்கள்; தேர்ந்த பெற்றோர் அதைத் தாமே செய்யும், உங்கள் கை நல்ல முட்டையையும் சேர்த்து உதிர்க்கும். நீர் வெளிர் நீலமாகும் அளவுக்கு மட்டும் மெத்திலீன் ப்ளூ போடலாம். மையைப் போல ஊற்றினால் ஸ்பாஞ்சில் வாழும் நல்ல பாக்டீரியாவும் சாகும், அதன் பலன் ஒரு வாரம் கழித்துக் குஞ்சுகளின் மேல் விடியும்.

முட்டை தெளிவாகவே இருக்கிறது, உள்ளே உயிர் அசைகிறது, வால் மட்டும் வெளியே வரவில்லை என்றால் நீரின் கடினத்தைத் திரும்ப அளந்து பாருங்கள். கடின நீரில் ஓடு இறுகிவிடுகிறது என்பது வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் காண்பது. மார்கழி இரவில் ஹீட்டர் நின்றுபோயிருந்தாலும் பொரிப்பது தாமதமாகும். அதைக் கெட்டதாக எண்ணி முட்டையைத் துடைத்து எறிந்தவர்கள் உண்டு. மூன்றரை நாள் வரை கையை வைக்க வேண்டாம்.

காலையில் பார்த்தால் முட்டையே இல்லை

தொட்டியில் வேறு மீன் இருந்தால் விசாரணையை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். கண்ணாடியில் பாசி தின்ன விட்டிருக்கும் பிளக்கோ மீன் இரவில் முட்டையைத் தின்னும். இனப்பெருக்கத் தொட்டியில் ஜோடியைத் தவிர எவரும் கூடாது.

ஜோடி மட்டுமே இருந்து முட்டை காணாமல் போனால், எல்லாம் வெளுத்திருந்தனவா என்று பாருங்கள். கெட்ட முட்டையைத் தின்பது அவற்றின் துப்புரவு. மேலே சொன்ன பகுதிக்குத் திரும்புங்கள். நல்ல முட்டையைத் தின்றன என்றால் இளம் ஜோடியாக இருக்கும், அல்லது இருட்டு. விளக்கை அணைத்ததும் பெற்றோருக்கு முட்டை தெரியாது, பயந்து கலையும். முட்டையிட்ட அன்றிலிருந்து குஞ்சுகள் உடம்பில் ஒட்டும்வரை ஓர் ஓரத்தில் மங்கலான இரவு விளக்கு எரியட்டும். கல்லூரி விடுதி அறையில் வளர்ப்பவர்கள் இதற்காக அறைத்தோழரிடம் முன்கூட்டியே சமாதானம் பேசி வைப்பது நல்லது.

அதன் பிறகும் தின்றால் கூம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் வலை போடுங்கள். வாய் நுழையக் கூடாது, துடுப்பால் விசிறும் நீர் நுழைய வேண்டும். முட்டைக்கும் வலைக்கும் நடுவே ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். பெற்றோர் வெளியே நின்று காக்கும், விசிறும், தங்கள் வேலையைச் செய்ததாகவே நினைத்துக்கொள்ளும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கும் காலையில் வலையை எடுத்துவிடுங்கள்.

இரண்டில் ஒன்றுதான் தின்கிறது என்று கண்டுபிடித்தால் அதைத் தடுப்புக்கு அப்பால் வையுங்கள். ஒரே மீன் தனியாகவே குஞ்சுகளை ஆளாக்கிவிடும். முட்டை போனதற்கு ஒன்றையொன்று பழி சொல்வது போல ஜோடி சண்டையிடுவதும் நடக்கும். துடுப்பு கிழியும் அளவுக்குப் போனால் இரண்டு நாள் துளையுள்ள தடுப்பு வையுங்கள். பத்து நாளுக்குள் மீண்டும் இடும், கவலை வேண்டாம்.

நெளியும் குஞ்சுகள் குறைகின்றன

பெற்றோர் அவற்றை வாயில் கவ்வி வேறிடத்தில் துப்பிவைக்கும். புதிதாக வளர்ப்பவர் இதைப் பார்த்துத் தின்கிறது என்று அலறுவார். ஒரு மணி நேரம் பொறுத்து ஹீட்டரின் பின்புறம், ஸ்பாஞ்சின் அடி, கண்ணாடி மூலை ஆகியவற்றைப் பாருங்கள். கொத்து அங்கே தொங்கும். மெய்யாகவே காணவில்லை என்றால் ஃபில்டரைப் பாருங்கள். மோட்டார் வைத்த எந்த ஃபில்டரும் இந்தத் தொட்டிக்கு ஆகாது.

நீந்துகின்றன, ஆனால் பெற்றோரின் உடம்புக்குப் போகவில்லை

இதுதான் அவசரம். மஞ்சள்கருப் பை தீர்ந்துவிட்டது. ஒன்று, ஒன்றரை நாளுக்குள் ஒட்டாவிட்டால் அந்த ஈடு போனது. வேறு எதையும் செய்வதற்கு முன், குஞ்சுகள் எங்கே கூடியிருக்கின்றன என்று பாருங்கள். அவை கறுப்பைத் தேடிச் செல்லும். காட்டில் குஞ்சுகளோடு நிற்கும் டிஸ்கஸ் கருமை கொள்ளும். தொட்டியில் கறுப்பு ஸ்பாஞ்சோ ஹீட்டரோ அதைவிடக் கருமையாக இருந்தால் குஞ்சுகள் அதைத் தாய் என்று எண்ணி அங்கேயே பட்டினியில் சாகும்.

பிஜியன் பிளட் என்ற டிஸ்கஸ் வகையில் இந்தச் சிக்கல் உடன்பிறந்தது. 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்திலிருந்து உலகச் சந்தைக்கு வந்த இந்த வகையும் அதன் வழிவந்த சிவப்பு, மஞ்சள், வெள்ளை வகைகளும் கறுக்க இயலாதவை. மீன் கறுக்காது என்றால் தொட்டி அதைவிட வெளுப்பாக வேண்டும். ஸ்பாஞ்சைச் சற்று நேரம் வெளியே எடுத்து வெறும் காற்றுக் கல்லை மட்டும் மெல்ல ஓடவிடுங்கள், ஹீட்டருக்கு வெள்ளை வலை சுற்றுங்கள், எல்லாக் குஞ்சும் நீந்தியபின் கூம்பையும் எடுத்துவிடுங்கள். அடிக்கும் பக்கத்துக்கும் வெள்ளை அல்லது வெளிர் நீலக் காகிதம். நீர் உயரத்தை 25 சென்டிமீட்டருக்கு இறக்கினால் குஞ்சு தேட வேண்டிய பரப்பு சுருங்கும். ஜோடி சேர்க்கும்போதே ஒன்றைக் கறுக்கக்கூடிய டர்க்கைஸ் வகையாகத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தலைவலியில் பாதி குறையும். குஞ்சுகள் அதன்மேல் ஒட்டிக் கற்றுக்கொண்டு மற்றதற்கும் தாவும்.

சிதறிக் கிடப்பவற்றை மெல்லிய காற்றுக் குழாயால் உறிஞ்சிப் பெற்றோரின் பக்கவாட்டில் விடலாம். வலையால் அள்ளாதீர்கள். பெற்றோரே குஞ்சுகளைக் கண்டு விலகி ஓடுகின்றன என்றால், அவை பயந்திருக்கின்றன அல்லது சளி ஊறவில்லை. அந்த நாளில் நீர் மாற்றம், புகைப்படம், விருந்தினர் காட்சி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அருகில் இன்னொரு ஜோடி அதே நாள் குஞ்சோடு இருந்தால் அதில் சேர்த்துவிடலாம், பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

பெற்றோர் இல்லாமல் முட்டைக்கருவைக் கிண்ண விளிம்பில் பூசி வளர்க்கும் முறை ஒன்றுண்டு. அமெரிக்காவின் ஜாக் வாட்லி அதில் பெயர் பெற்றவர். நாளில் பலமுறை ஊட்டி, ஊட்டியபின் ஒவ்வொரு முறையும் நீரை முழுக்க மாற்ற வேண்டும். வேலைக்குப் போகிறவர் அதில் இறங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஜோடி ஒரு வாரத்தில் மறுபடி இடப்போகிறது.

பெற்றோர் கறுத்துவிட்டன, சாப்பாடும் குறைந்துவிட்டது

ஒன்றும் செய்யாதீர்கள். குஞ்சுகளோடு இருக்கும் மீன் கறுப்பது நோயல்ல, மேலே சொன்னபடி குஞ்சுகளைத் தன் உடம்புக்கு இழுக்கும் அழைப்பு. நல்ல ஈடுகள் இந்த நாளில் போட்ட தேவையற்ற மருந்தால் அழிந்திருக்கின்றன. கறுப்போடு துடுப்பு மடங்கி, மூலையில் ஒதுங்கி, வெள்ளை நூல் போன்ற கழிவு வந்தால் மட்டும் குடல் ஒட்டுண்ணி என்று எண்ணுங்கள். அப்போதும் சிகிச்சை குஞ்சுகளைப் பிரித்த பிறகுதான்.

ஒட்டின, தின்றன, ஐந்தாறு நாளில் மெலிகின்றன

சளி தீர்கிறது, ஆர்டீமியா பிடிக்கவில்லை. குஞ்சுகளின் வயிற்றைக் கண்ணாடிக்கு அருகில் பாருங்கள். ஆர்டீமியா தின்ற வயிறு ஆரஞ்சாகப் புடைத்திருக்கும். ஆரஞ்சு இல்லையென்றால் நீங்கள் ஊட்டவில்லை, நீரைத்தான் அழுக்காக்குகிறீர்கள்.

பிழை பெரும்பாலும் பொரிக்கும் பாட்டிலில் இருக்கும். ஒரு லிட்டருக்கு 25–30 கிராம் அயோடின் சேராத கல் உப்பு, 28 டிகிரி, பலமான காற்று, மேலே ஒரு விளக்கு, ஏறத்தாழ ஒரு நாள். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அறை வெப்பமே போதும். பொரித்த உடனே கொடுங்கள். அரை நாள் வைத்திருந்த ஆர்டீமியா தன் மஞ்சள்கருவைத் தானே தின்று தீர்த்துவிட்டு வளர்ந்தும் இருக்கும், குஞ்சுக்குச் சத்தும் குறைவு, வாய்க்கும் பெரிது. காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், உயிருள்ளவை வெளிச்சத்தின் பக்கம் கூடும். அங்கிருந்து மட்டும் உறிஞ்சி, மெல்லிய பருத்தித் துணியில் வடித்து, நல்ல நீரில் ஒருமுறை அலசுங்கள். ஓடும் பொரிக்காத முட்டையும் குஞ்சின் குடலை அடைக்கும்.

முதல் இரண்டு நாள் பெற்றோரின் பக்கவாட்டிலேயே குழாயால் சிறிது சிறிதாக விடுங்கள். சளியைத் தின்னும் வாய் தவறியாவது ஒன்றைப் பிடிக்கும், பிறகு தானே தேடும். நாளைக்கு நான்கைந்து முறை. ஒவ்வொரு முறையும் அரை மணி கழித்து அடியில் செத்துக் கிடப்பதை உறிஞ்சி எடுக்க வேண்டும். கண்ணாடியில் வெள்ளை நூல்கள் போலக் கைநீட்டும் ஹைட்ரா தோன்றினால், நீங்கள் ஊட்டுவது மிகை என்று அதுவே சாட்சி.

நீர் மாற்றிய சில மணி நேரத்தில் கூட்டமாகச் சாவு

காலையில் நன்றாக இருந்தன, நீர் மாற்றினேன், மதியம் பாதி செத்துவிட்டன. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மிகுந்த அக்கறை உள்ளவர்கள், வெறும் ஆர்.ஓ. நீரில் வைத்திருப்பவர்கள். ஆர்.ஓ. நீரில் அமிலத்தைத் தாங்கும் கார்பனேட் இல்லை. ஸ்பாஞ்சின் பாக்டீரியா கழிவைச் சிதைக்கச் சிதைக்க அமிலம் பிறக்கும், பி.எச். ஐந்துக்கும் கீழே விழும், அந்த அமிலத்தில் பாக்டீரியாவே வேலையை நிறுத்திவிடும். கழிவு சேர்கிறது, ஆனால் குறைந்த பி.எச்.-இல் அது அம்மோனியம் என்ற தீங்கு குறைந்த வடிவில் கிடப்பதால் குஞ்சுகள் தாங்குகின்றன. அந்த நீரில் பி.எச். எட்டுள்ள குழாய்நீரை ஊற்றுங்கள், அம்மோனியம் அம்மோனியாவாக மாறும். பி.எச். 6-இலிருந்து 8-க்கு ஏறினால் நச்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழ நூறு மடங்கு கூடும். கொன்றது புதுநீர்தான், ஆனால் விஷம் பழைய நீரில் இருந்தது.

அதனால்தான் மேலே பன்னிரண்டு லிட்டர் குழாய்நீரைக் கலக்கச் சொன்னேன். தினமும் பி.எச். பாருங்கள், ஆறுக்குக் கீழே நழுவினால், பெரிய மாற்றம் செய்யாமல், அதே பி.எச்.-இல் சரிசெய்த நீரைச் சிறிது சிறிதாக நாளைக்கு மூன்று நான்கு முறை மாற்றுங்கள். வெப்பமும் ஒத்துப்போகட்டும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியபின் மென்னீருக்கு இனி வேலையில்லை. ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குழாய்நீரின் பங்கைக் கூட்டி வாருங்கள். எலும்பு வளர உப்புகள் வேண்டும், பி.எச். நிலைத்தும் நிற்கும்.

இரண்டாம் வாரத்தில் நாளுக்குச் சில, ஒரு பக்கச் செவுள் மூடி

வயிறு நிரம்பியிருக்கிறது, அம்மோனியா இல்லை, ஆனாலும் குஞ்சுகள் ஒரு செவுளை மூடி மற்றொன்றால் வேகமாக மூச்சு விடுகின்றன, திடீரென்று உடம்பை உதறுகின்றன, நாளுக்குச் சில சாகின்றன. இது செவுள் புழு. பெற்றோரின் உடம்பில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்து, சளி தின்ன வந்த குஞ்சுகளுக்குத் தாவியது.

குஞ்சுகளை உடனே பிரித்துவிடுங்கள். இரண்டு வாரம் ஆகியிருந்தால் அவை தனியாகப் பிழைக்கும். சிகிச்சை செய்ய வேண்டியது அடுத்த ஈட்டுக்கு முன், பெற்றோருக்கு. புழுநீக்கி மருந்தான பிரசிகுவான்டெல்லை லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் அளவில் நீரில் கலக்க வேண்டும், ஆனால் நாய்க்கான குடற்புழு மாத்திரைகளில் வேறு மருந்தும் சேர்ந்திருக்கும், தனி மருந்தாகக் கேட்டு வாங்குங்கள். செவுள் புழுவின் முட்டையை அந்த மருந்து கொல்லாது. ஆகவே ஒருமுறை போட்டு முடித்துவிடாமல், ஐந்தாறு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை திரும்பச் செய்ய வேண்டும். குஞ்சுத் தொட்டிக்கும் பெற்றோர் தொட்டிக்கும் வலையையும் குழாயையும் பொதுவாக வைத்துக்கொண்டு சிகிச்சை செய்பவர்கள், பணத்தை மிச்சப்படுத்தி நோயைப் பங்கிடுகிறார்கள்.

பெற்றோர் உடம்பில் புண், குஞ்சுகளை உதறி ஓடுகின்றன

நாளைப் பாருங்கள். முதல் வாரத்தில் என்றால் பசி: குஞ்சுகள் ஆர்டீமியா எடுக்காமல் சளியையே சுரண்டுகின்றன. மூன்றாம் வாரத்தில் என்றால் இயல்பு. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், பெற்றோரின் சளியில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருள்களும் முட்டையிட்டது முதல் கூடி, மூன்றாம் வாரத்தில் இறங்கியதும், அதே சமயத்தில் பெற்றோர் சற்று நேரம் குஞ்சுகளை விட்டு விலகி நீந்தத் தொடங்கியதும் பதிவாகியிருக்கின்றன. பால் மறக்கச் செய்வது போலத்தான். அந்த நேரத்தில் நீங்களும் பிரித்துவிடுங்கள். பெற்றோருக்குக் குறைந்தது ஒரு மாத ஓய்வும் நல்ல உணவும் கொடுத்துவிட்டு அடுத்த முட்டைக்குப் போங்கள். தொடர்ந்து இட்டுக்கொண்டே இருக்கும் பெண்ணின் முட்டை எண்ணிக்கையே உங்களுக்குச் சொல்லிவிடும்.

ஒரு மாதத்துக்கு மேல்: வட்டமாகாமல் நீண்டு, கண் பெரிதாக

குஞ்சு மூன்று நான்கு வாரம் வரை நீளமாகத்தான் இருக்கும், பிறகே தட்டையாக உயரும். இரண்டு மாதத்திலும் முட்டை வடிவில் இருந்து, உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண் தெரிந்தால் வளர்ச்சி நின்றிருக்கிறது. காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: நெரிசல், குறைந்த ஊட்டம், குறைந்த நீர் மாற்றம். நாளுக்கு ஐந்து வேளை உணவும் பாதி நீர் மாற்றமும் இயலாது என்றால் குஞ்சுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். சென்னை கொளத்தூரின் அலங்கார மீன் கடைகளில் சிறு குஞ்சுக்கும் வாங்குவோர் உண்டு. இழந்த வடிவத்தைப் பிற்பாடு உணவால் மீட்க முடியாது. செவுள் மூடி குட்டையாகி உள்ளே சிவப்புத் தெரியும் குஞ்சுகள் தனியாக வாழும், நன்றாகவே தின்னும். அவற்றை வளர்ப்பு மீன் என்று சொல்லியே கொடுங்கள், ஜோடிக்கு என்று விற்காதீர்கள்.